காடு கேட்கும் வீடு

1

எங்கள் வீட்டை இடித்துவிடுங்கள்.

இந்த வாக்கியத்தை எங்கும், யாரிடமும், விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. (சொல்லியிருப்பாள். எழுதுவேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை.)

கதை பிறந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது என் மனத்தில் ஊறி வந்த கதை இல்லை, அலுவலகத்தில் கொடுத்த வேலை. நான் ஒரு கடலோரப் பூங்காவில், வருகிறவர்களுக்குக் காட்டை விளக்கிச் சொல்லும் தற்காலிக ஊழியர். கடல் ஏறிக்கொண்டே வருகிறது. பூங்கா அதைத் தாங்கி நிற்பதற்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். இன்று மாலை அதற்கான பொதுக்கூட்டம். அங்கே வாசிக்க ஒரு குட்டிக் கதை வேண்டும் என்று இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு பக்கம் போதும்மா. கேக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும். நீ இங்கயே வளந்த பொண்ணு, நீ சொன்னா எடுபடும்."

"உண்மையை எழுதலாமா சார்?"

"கதைதானேம்மா, பாத்துக்கோ."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்திருப்பேன்.

2

முதல் தொடக்கம்: "அலைகளின் தாலாட்டில் மெல்லக் கண்விழித்தது அந்தப் பச்சைக் காடு. பறவைகள்

அடித்துவிட்டேன். எங்கள் காட்டை எந்த அலையும் தாலாட்டவில்லை. முன்வரிசை அலையாத்தி மரங்கள் வேர் தெரியச் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சேற்றில் ஒரு கன்றை நட்டது. அது வளர்ந்து, அந்தப் பிள்ளையும் வளர்ந்து

வளரவில்லை. பிள்ளை வளர்ந்திருக்கும். கன்று வளரவில்லை.

மூன்றாம் தொடக்கம்: "விடிந்ததும் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள்."

இது நிற்கும். இதில் பொய் இல்லை.

3

அம்மா பூங்காவின் துப்புரவுப் பணியாளர். கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில் உப்புநீர் வடிகால் வழியாக எதிர்த்து உள்ளே ஏறி, வண்டி நிறுத்துமிடம் வரை வந்துவிடுகிறது. வடியும்போது அலையாத்தி விதைகளை அங்கே விட்டுப் போகிறது. தளக்கற்களின் இடுக்கில் அவை வேர் பிடிக்கின்றன. வண்டிகள் வருமுன் அம்மா குனிந்து அத்தனையையும் பிடுங்கிக் கூடையில் போட வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் முளைத்தால் அது பாதுகாக்கப்பட்ட மரம், ஓர் இலையைக் கிள்ளினாலும் அபராதம். இந்தப் பக்கம் முளைத்தால் களை.

அதே காலையில், நாற்றங்காலில் பையில் வளர்த்த அதே மரத்தின் கன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கடல் அரித்துத் தின்னும் முன்பக்கச் சேற்றில் நடவைக்கிறோம். கை தட்டச் சொல்வது என் வேலை. அடுத்த பள்ளி வருவதற்குள் கன்றுகள் போயிருக்கும். அதனால் நடுவதற்கு இடப் பஞ்சம் வந்ததே இல்லை.*

(* இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தேன். "நடறது ஒரு பிரிவு, சுத்தம் வேற பிரிவும்மா" என்றார்.)

காடு வேறொன்றும் கேட்கவில்லை, பின்னால் வர வழி கேட்கிறது. கடல் தள்ளும்போது காடு ஓரடி உள்ளே வர முடிந்தால் பிழைத்துக்கொள்ளும், பிழைத்தால் புயலின் வேகத்தையும் அதுவே உடைக்கும். திட்டமோ, காட்டுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடுவே உயரமாக ஒரு சுவர் என்கிறது. முன்னால் கடல், பின்னால் சுவர். நடுவில் மாட்டிக்கொண்டு காடு நின்ற இடத்திலேயே முழுகும். பிறகு சுவர் மட்டும் தனியாக நின்று புயலை வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர்தான் தாங்கும் திட்டம்.

சுவரை விட்டுவிட்டுக் காட்டுக்கு வழி விட்டால்? முதலில் வண்டி நிறுத்துமிடம் போகும். அதற்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு, ஒரே வரிசை வீடுகள். வரிசையில் முதல் வீடு எங்களுடையது. எங்கள் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் இப்போதே ஒரு கன்று இரண்டு இலை விட்டிருக்கிறது.

4

இனி அம்மா. என்னைத் திணற அடிக்கும் பாத்திரம் இவள்தான். காட்டைத் தன் பிள்ளைபோல நேசிக்கும் ஏழைத் தாயாக எழுதினால் கேட்கிறவர்கள் கண்கலங்குவார்கள். அவளுக்கோ காட்டின் மேல் ஒரு பாசமும் கிடையாது. கொசுப் பண்ணை என்பாள். அப்பா இறந்த பிறகு அவளுக்குக் கிடைத்தது இந்த வேலை, வேலையோடு வந்தது இந்த வீடு. அதற்கு முன்னால் வாடகை வீடு வீடாகத் துரத்தப்பட்டவள்.

நேற்று மாலை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு ஜீப் டிரைவர் அண்ணன் டீயோடு எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"சுவர் கட்டினா காடு செத்துடும்மா" என்றேன்.

"சாகட்டும்."

"காடு போச்சுன்னா புயல் நேரா சுவர் மேல வரும். அது எத்தனை நாள் நிக்கும்?"

"நான் இருக்கிற வரைக்கும் நின்னா போதும்."

"அப்ப நான்?"

"உனக்குத்தான் டிகிரி இருக்கே. அதை விரிச்சுப் படுத்துக்கோ."

டிரைவர் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்து, என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா டிகிரி, உன் வீட்டைக் குடுக்கணும்னா நீ குடு. என் வீட்டை எதுக்கும்மா தானம் பண்றே?"

"சும்மா குடுக்கச் சொல்லலண்ணே. மேட்டுல விருந்தினர் விடுதி கட்டப் போறாங்கல்ல, அந்த இடத்தை நமக்குக் கேப்போம். அங்க நமக்கு வீடு, இந்த இடம் காட்டுக்கு."

"கேட்டா தட்டுல வெச்சுக் குடுப்பாங்க, போ."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "இங்க பாருடி. நீ அங்க போய் ரெண்டு விஷயம் சொல்லுவ. மேட்டுல வீடு குடுங்கன்னு ஒண்ணு, இதை இடிங்கன்னு ஒண்ணு. அவங்க காதுல எது விழும்? இடிக்க ஒரு காலைப்பொழுது போதும். கட்டறதுக்குள்ள உனக்கு நரைச்சுடும். அவங்களே கேட்டாங்க, இடிச்சோம்னு முடிச்சுடுவாங்க. அந்த வார்த்தை மட்டும் உன் வாயில வரக் கூடாது."

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடற்கரைக்குப் பின்வாங்க இடம் வேண்டும் என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். முதலில் யாரைப் பின்வாங்கச் சொல்வார்கள் என்ற பாடம் அங்கே இல்லை. அது அம்மாவுக்குத்தான் பாடம்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) அம்மா என் தலையைத் தடவி, "நீ சொல்றதுதான் சரி. போய்ச் சொல்லு" என்றாள்.

இதை அவள் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது, எழுதிவிட்டேன். எழுதியதைப் படித்தபோது அழுகைகூட வந்தது. அவள் கொடுக்காத சம்மதத்தை அவள் வாயில் திணித்துவிட்டு அழுகிறேன். நாளைக்கு அலுவலகமும் இதையேதான் செய்யும்.

(ஆ) ஒரு பெரும்புயல் வந்து வீட்டை எடுத்துக்கொள்கிறது. வீட்டில் யாரும் இல்லை. எல்லோருக்கும் உண்மை விளங்குகிறது.

கோழைத்தனம். நான் வாயைத் திறந்து கேட்க வேண்டியதைக் கடலின் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

(இ) இயக்குநர் எழுந்து நின்று, "நாங்கள் தவறு செய்துவிட்டோம்" என்று

போதும்.

6

ஆனால் (ஆ) என்னை விடவில்லை. கடல் எடுத்துக்கொண்டால் மாற்று வீடு என்ற பேச்சே வராது. இயற்கைச் சீற்றம் என்பார்கள், தலைக்கு ஒரு தார்ப்பாய் கொடுப்பார்கள். மேட்டில் அதற்குள் விடுதி எழும்பியிருக்கும், இந்தக் கரையில் மிச்சமிருக்கும் மேடு அது ஒன்றுதான். எங்களிடம் கொடுப்பதற்கு ஒன்று இருக்கும்போதே கேட்க வேண்டும். இந்த வீட்டுக்கு மதிப்பு, இது நிற்கிற வரைக்கும்தான்.

அதனால் முதல் வரியைத் திருத்துகிறேன். முழுக் கோரிக்கை இது: மேட்டில் விடுதி வேண்டாம். அங்கே குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும் வீடு கட்டுங்கள். கடைசி ஆள் குடியேறிய பிறகு எங்கள் வீட்டை இடித்துவிடுங்கள், அந்த மண்ணைக் காட்டுக்கு விடுங்கள். சுவர் கட்டாதீர்கள், அதுவரை எங்கள் வீடுகளில் ஒரு செங்கலையும் தொடாதீர்கள்.

இன்று காலை இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முகம் மாறவில்லை.

"எல்லாருக்கும்னு போட்டிருக்க. எல்லாரையும் கேட்டியா?"

"நேத்து ராத்திரியே கேட்டேன். பாதிப் பேர் திட்டினாங்க. பாதிப் பேர் யோசிக்கணும்னாங்க."

"என்னை எதுல சேத்திருக்க?"

"திட்டினவங்கள்ல. அம்மாவுக்குச் சம்மதம் இல்லைன்னு அங்கயும் சொல்லுவேன்."

"உன் வேலை போயிடும்."

"போகலாம்."

"முதல் வரிசையில உக்காந்திருப்பேன்" என்றாள். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. சொல்ல முடியுதான்னு பாக்கறேன்."

7

இந்தப் பகுதியை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று இந்தக் கதை சொல்லாது. நடந்த பிறகு எழுதினால், தோற்றிருந்தாலும் அதை அழகாக்கிவிடுவேன். அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. முடிவு வேண்டுமென்றால் நீங்களும் கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு வாருங்கள். என் பக்கம் பேசச் சொல்லவில்லை. பிற்பாடு யாராவது கேட்டால், மேட்டைப் பற்றி நான் சொன்ன பாதியும் உங்கள் காதில் விழுந்தது என்று சொல்லுங்கள், அது போதும். எனக்குச் சாட்சிகள் குறைவு.

இயக்குநர் கேட்ட ஒரு பக்கத்தை நான் எழுதவில்லை. இதைத்தான் வாசிக்கப் போகிறேன். (என்ன, கொஞ்சம் நீளம்.)

அம்மா கண்ணாடி முன் நின்று தலை வாருகிறாள். வெளியே போகும்போது உடுத்தும் புடவை. என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "சாவியை நீ எடுத்துக்கறியா?"

"நீயே பூட்டிட்டு வாம்மா."

சீப்பு ஒரு கணம் நின்றது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.