வச்சலாவின் பாதியை அழிக்கப் பார்த்தவன்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவன் அரசு. மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கு நடுவே, மனைவி வச்சலாவின் முட்டாள்தனம் என்று சொல்லிச் சிரித்தான். பிறகு வச்சலாவிடம் கேட்டேன். முட்டாள் யார் என்பது உடனே தெரிந்துவிட்டது. ஆகவே கதையில் மர்மம் கிடையாது. வேண்டுவோர் வேறு கதை தேடலாம்.

2

முதல் தொடக்கம்: கடப்பாக்கத்தில் அலைகள் ஓயாமல்…

(வேண்டாம். அலை ஓய்ந்து எவன் பார்த்தான்?)

இரண்டாவது: அரசுக்கு நாவலூரில் ஐ.டி. வேலை. குடித்தனமும் அங்கேயே. வச்சலா, தன் ஊரான கடப்பாக்கத்தில் கடல் தின்ற கரையை வரைபடமாக்குபவள். இருவருக்கும் ஒரே லேப்டாப். ஒரு பாதியில் அவனுக்கு விண்டோஸ், மறுபாதியில் அவளுக்கு லினக்ஸ். திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். வரைபடங்கள் அவள் பாதியில் இருந்தன. திங்கட்கிழமை செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் அவற்றைக் காட்டினால்தான் ஊருக்குத் தடுப்புச்சுவர் கேட்க முடியும்.

ஞாயிறு காலை அவனுடைய கேம் திக்கியது. விண்டோஸை மறுபடி நிறுவினான். அவளைக் கேட்கவில்லை. அதன்பின் லேப்டாப்பும் எதையும் கேட்கவில்லை. நேராக விண்டோஸுக்குள் போனது.

3

"என்னுது எங்கய்யா?"

"பூட்ச்சி. லினக்ஸ்னா அப்டித்தான்."

"இன்னா பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? வுடு, அந்த எடத்த அழிச்சி ஃபார்மேட் பண்ணிக்கிறேன். கேமுக்கு ஆவும்."

"கைய எடு."

(அரசு பக்கமும் ஒரு நியாயம் எழுதப் பார்த்தேன். சின்ன வயதில் அவன்… இல்லை. அப்போதும் இப்படித்தான் இருந்திருப்பான்.)

வச்சலா, பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் கம்ப்யூட்டரில் லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றிவந்து, அதைக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். அவள் பாதி அப்படியே இருந்தது. முதல் வேலையாக வரைபடங்களைப் பிரதி எடுத்தாள். விண்டோஸ் எதையும் அழிக்கவில்லை. தான் முன்னால் நின்றுகொண்டு அவள் வழியை மறைத்திருந்தது, அவ்வளவுதான். எது வேண்டும் என்று கேட்கும் அந்தச் சின்ன நிரலை மறுபடி நிறுவினாள். கறுப்புத் திரை வந்தது. அரசு சிரித்தான். மறுபடி செய்தாள். இரண்டு பெயர்களும் வந்தன.

மறுநாள் செங்கல்பட்டில் வரைபடங்களைப் பார்த்தவர்கள், சுவருக்கு அளவெடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

4

முடிவுகள். அரசு மன்னிப்புக் கேட்டான் என்று எழுதலாம். அவனைத் தெரிந்தவர்கள் காறித் துப்புவார்கள். அவன் பாதியை அவள் அழித்தாள் என்று எழுதலாம். நீங்கள் கைதட்டுவீர்கள், ஆனால் அது நடக்கவில்லை. கூட்டம் முடிந்து வந்த மாலை, எது வேண்டும் என்று கேட்கும் திரையில், விண்டோஸ் என்ற வரிக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டாள். நடந்தது இதுதான்.

"ஏய், பாஸ்வேர்டு இன்னாடி?"

அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்வாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குமுன் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் யாரைக் கேட்டுத் திறக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.