ஹாலிஸின் வாய்

ரவுண்ட் ராக் முதியோர் இல்லத்தில் எனக்குத் துப்புரவு வேலை. அங்கே இருந்த கிழவர் ஹாலிஸ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கௌபாய் படங்களில் நடித்தவர். எல்லாப் படத்திலும் சுடுபட்டுச் சாவதுதான் அவர் பாத்திரம். செத்துக் கிடக்கையில் வாய் திறந்துவிடும், டைரக்டர் ஏசுவாராம். "நான் உண்மையாகச் சாகும்போது நீ என் வாயை மூடிவிடு" என்று என்னைக் கேட்டிருந்தார்.

ஒருநாள் காலையில் இறந்துபோனார். எங்கட ஊர் வழக்கப்படி தாடையைத் தலையோடு சேர்த்துப் பண்டேஜால் கட்டினேன்.

நர்ஸ் ஜெயமலர் வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணை, பல்லுவலிக்காரன் மாதிரிக் கிடக்கிறார்? மகள் வந்தாப் பயப்பிடும். அவிழுங்கோ."

"வாய் இறுகட்டும் பிள்ளை."

மகள் பின்னேரம்தான் வந்தாள். அவள் முன்னாலேயே கட்டை அவிழ்த்தேன். வாய் மூடியபடியே இருந்தது.

"சின்ன வயதில் இவர் சாகிற ஒவ்வொரு படத்துக்கும் அழுவேன். இப்போது அழுகை வரவில்லை" என்றாள்.

நான் அவள் உட்கார ஒரு கதிரை எடுத்துப் போட்டேன்.