மூன்றாம் வகுப்பில் துண்டுப் பேரம்

தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் வாழும் பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: வேலந்தாவளம் மாட்டுச் சந்தையின் மூத்த தரகரும், பல்லைப் பார்த்த மாத்திரத்தில் மாட்டின் வயதைச் சொல்லிவிடும் வல்லவருமாகிய திரு. துரைசுவாமி அவர்கள், தம் ஒரே மகள் மோனிஷாவின் மூன்றாம் வகுப்பு வாழ்க்கையில் நேரடியாகப் பங்கேற்க முடிவு செய்துவிட்டார்.

முடிவுக்குக் காரணம் பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டம். பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் சுஷ்மா டீச்சர், "குட்டிகள்ட்ட தெனமும் பேசுங்கோ. ஸ்கூல்ல என்ன நடந்ததுன்னு கேளுங்கோ. அப்பாக்களும் கேக்கணுமாக்கும்" என்றார். அப்பாக்கள் என்று அங்கே இருந்தது துரைசுவாமி ஒருவர்தான். அதுவும் மனைவி பத்மப்ரியாவுக்குக் காய்ச்சல் என்பதால். ஆனாலும் டீச்சர் ஆள் பார்த்துத்தான் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார் என்று அவருக்குப் பட்டது.

அன்று மாலையே ஆரம்பித்தார்.

"அம்மிணி, இன்னைக்குப் பள்ளிக்கொடத்துல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலீங்கப்பா."

"ஒண்ணுமேவா?"

"ஆமாங்கப்பா."

சொல்லிவிட்டு மோனிஷா அடுக்களைக்குள் ஓடினாள். யார் யாரைக் கிள்ளினார்கள், யாருடைய செருப்பு கிணற்றில் விழுந்தது, ஆறாவது பெஞ்சில் அழுதது யார் என்று அம்மாவிடம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். சுவருக்கு இந்தப் பக்கம் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, காதில் விழுந்த துண்டு துக்கடாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் தரகர். அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு சேதி, பத்மப்ரியாவுக்குப் போவதற்கு முன்னால் தனக்கு வர வேண்டும்.

நாலைந்து நாள் அதே கேள்வி, அதே பதில். அப்புறம்தான் தொழில் ஞாபகத்துக்கு வந்தது.

சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் சந்திக்கும். அமுக்குகிற விரல்கள்தான் விலை. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு ஆடுவது மட்டும் தெரியும். வாயால் கேட்டு வராதது துண்டுக்குள் வரும் என்று நம்பி, துரைசுவாமி தோளில் கிடந்ததை எடுத்து மகளின் கைமேல் போட்டார்.

மோனிஷாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சேதி ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் வாய்ப்பாடு ஏறியது. முதலில் அமுக்கும் விரல்கள் பத்துகள், அடுத்து அமுக்குவது ஒற்றைகள். மூவெட்டு என்றால் இரண்டு விரல், பிறகு நாலு விரல். எட்டாம் வாய்ப்பாடு முடிவதற்குள் தொழில் தர்மமும் போதிக்கப்பட்டுவிட்டது.

"மொதல்ல சொல்ற வெலை நெசமான வெலையா இருக்கப் படாது அம்மிணி. எறங்கி வர எடம் வெச்சுத்தான் சொல்லோணும்."

இந்தப் புதிய கல்வி முறையை அவர் டீக்கடையிலும் விளக்கினார். கடைக்காரர் பாண்டீஸ்வரன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "விட்டா மந்திரியே உங்களக் கூப்புட்டு அனுப்புவாருங் தரகரே" என்றார். அதில் இருந்த குத்தல் துரைசுவாமிக்கு எட்டவில்லை.

மந்திரி கூப்பிடவில்லை. சுஷ்மா டீச்சர் கூப்பிட்டார். நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர வேண்டும், அப்பாதான் வர வேண்டும். துரைசுவாமி கஞ்சி போட்ட வேட்டி கட்டி, பாராட்டுக்கு நன்றி சொல்ல இரண்டு வரி தயார் செய்துகொண்டு போனார்.

வகுப்பில் சத்தமே இல்லை. சாப்பிட்டுக் கை துடைக்கக் கொண்டுவந்த சின்னத் துண்டுகள் பெஞ்சுக்குப் பெஞ்சு விரிந்திருந்தன. எல்லாத் துண்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தேளா? இப்ப எப்பவும் இப்படியாக்கும்" என்றார் டீச்சர். "கணக்குப் பரீக்ஷைல எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே விடை."

"அட, நல்லதுதானுங்களே!"

"எல்லாம் தப்பு." டீச்சர் திரும்பினார். "மோனிஷா, ஏழெட்டு எத்தனை?"

"எழுவதுங் டீச்சர்."

"மோனிஷா!"

"சரி, உங்களுக்காக அறுவது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடேசி வெலைங் டீச்சர். அம்பத்தாறு."

துரைசுவாமி தயாரித்து வந்த இரண்டு வரிக்கும் வேலை இல்லாமல் போனது.

"தீரலை, கேளுங்கோ. சத்துணவு முட்டைக்கும் பேரம். கௌசிக் முட்டையைக் குடுத்துப் பென்சில் வாங்கினான். நடுவுல நின்னது உங்க பொண்ணு. ரெண்டு பேர்ட்டேர்ந்தும் ஆளுக்கொரு ரப்பர் வாங்கிண்டிருக்கா."

முன் பெஞ்சில் இருந்த கௌசிக், முன்பல் இல்லாத வாயோடு சிரித்தான்.

"ரெண்டு பக்கமுமா?" துரைசுவாமி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "அது தப்பு அம்மிணி. அப்பா ஒரு பக்கந்தான் தரகு வாங்குவேன்."

"போன சந்தையில ரெண்டு பக்கமும் வாங்குனீங்களேப்பா? அம்மாகிட்டச் சொன்னீங்க, எனக்குக் கேட்டுச்சு."

எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் நின்றது.

பள்ளி விட்டதும் துரைசுவாமி மகளைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். பெட்டிக்கடை வந்ததும் பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையை இழுத்தது. வண்டி நின்றது. மோனிஷா இறங்கி, அவர் தோளிலிருந்த துண்டை உருவித் தன் கைமேல் போட்டுக்கொண்டாள்.

"சேதி வேணுமுங்களாப்பா?"

"அம்மாவுக்குச் சொல்றதுக்கு முந்தி?"

"ஆமாங்."

துரைசுவாமி துண்டுக்குள் கையை விட்டார். அஞ்சு கடலை மிட்டாய் கேட்டாள். அவர் ஒரு விரலை அமுக்கினார். அவள் தலையை ஆட்டிக் கையை உருவப் பார்த்தாள். மூன்றில் முடிந்தது. சந்தையில் எத்தனையோ ஜோடி காளைகளைக் கைமாற்றிய அந்தக் கை, துண்டுக்குள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் சரக்கு வந்தது.

"சோறு திங்கறப்போ கௌசிக்கோட முன்னம்பல்லு சாம்பார்ல உளுந்துருச்சுங்கப்பா. முழுங்கிப் போட்டேன்னு ஒரே அழுகை. அப்பறம் டீச்சரே கரண்டியப் போட்டுத் துழாவி எடுத்துக் குடுத்தாங்க."

துரைசுவாமி பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். வழியெல்லாம் சிரித்தார். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வீட்டைப் பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"பத்து! இங்க வா! கௌசிக்குப் பல்லு உளுந்த சேதி தெரியுமா உனக்கு?"

பத்மப்ரியா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அந்தப் பல் விழுந்த சேதி அடுக்களைக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.