ஜப்பான் படத்துக்குத் தமிழ் சொன்னது

காரியதரிசி வேங்கடசுப்ரமணியனுக்கு மூளை என்று ஒன்று இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். "அந்த ரெண்டு பொண்கள்லே ஒருத்தியைப் பையன்னு சொல்லிடுங்கோளேன் பாகீரதி, குழந்தைகளுக்கு என்ன தெரியப்போறது?" என்றார். இரண்டு பேருக்கும் இடுப்புவரை கூந்தல். ஒருத்தி தலையில் பூ வேறு!

அறுபத்தேழாம் வருஷம். பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் சபையில் குழந்தைகளுக்காக ஜப்பான் கார்ட்டூன் படம் ஒன்றை இரவல் வாங்கியிருந்தார்கள். பேச்சு முழுக்க ஜப்பான் பாஷை. திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து, படம் ஓட ஓடத் தமிழில் கதை சொல்வது என் வேலை. ஆபீஸில் நாளெல்லாம் டைப் அடிக்கிறவளுக்கு வாய் இவ்வளவு நீளமா என்று சபையில் என்னைக் கிண்டல் செய்வார்கள். புரொஜெக்டர் ஓட்டத் தெரிந்தவள் ஷ்யாமளா ஒருத்திதான்.

முதலில் நாங்கள் மூன்று பேரும் போட்டுப் பார்த்தோம். உப்புக் காய்ச்சுகிற ஒரு பெண், கடலரசனின் மகள் ஒருத்தி. ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்கமாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஊரைக் கூட்டிவைத்து ஒரே கிண்ணத்தில் மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். அந்த ஊர்க் கல்யாணத்தில் அப்படித்தான் செய்வார்களாம். படத்தோடு வந்த ஆங்கிலக் குறிப்பில் போட்டிருந்தது. நாம் மாலை மாற்றிக்கொள்கிறோமே, அது மாதிரி. வேங்கடசுப்ரமணியனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. "சிவ சிவா! பையன்னு வேண்டாம்னா அக்கா தங்கைன்னு சொல்லுங்கோ. ஒரு தொந்தரவும் இல்லே" என்றார். நானும் சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஷ்யாமளாவுக்கு அது பொறுக்கவில்லை. அம்மா போனபிறகு செம்பூரில் நான் தனியாக இருந்த அறைக்கு நேரே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்த ரூமுக்குள்ளே பெரிசாப் பேசறே. நீ இல்லாம நான் இல்லேங்கறே. வெளியிலே யாராவது கேட்டா, ஷ்யாமளா என் தங்கை மாதிரிங்கறே. படத்துலே வர்ற பொம்மையைப் பத்திக்கூட உன்னாலே நிஜம் சொல்ல முடியலே. உன்னை நம்பி எங்கப்பா கிட்டே நான் எப்படிடீ மாட்டேன்னு சொல்லுவேன்?"

அவளைப் பெண் கேட்டிருந்தவர்கள் முலுண்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அவள் தன் அப்பாவுக்குச் சம்மதமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் என் அறைக்கு வந்துவிடுவாள். அதற்கு மேல் நடப்பதை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். எனக்கோ உதறல். ஆனால் அவள் கேட்ட கேள்வி நெஞ்சில் தைத்துவிட்டது. சொல்லிவிடுவது, சபையை விட்டுத் துரத்தினால் துரத்தட்டும் என்று முடிவு செய்தேன். அவளிடம் முன்னால் சொல்லவில்லை. மைக்கிலேயே கேட்கட்டும் என்று இருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் விளக்கை அணைத்தார்கள். ஷ்யாமளா படத்தைப் போட்டாள். நான் வஞ்சகமில்லாமல் சொன்னேன். உப்புக்காரி பேசும்போது குரலை இறக்கினேன், கடல் பொங்கியபோது கத்தினேன். குழந்தைகள் கப்சிப். கடைசியில் கிண்ணம் வந்தது.

"இவா ரெண்டு பேரும் அக்கா தங்கை இல்லே, குழந்தைகளே. ஒருத்தி மேலே ஒருத்திக்கு உசிரு. அதனாலே இப்போ ரெண்டு பேரும்..."

திரை இருண்டுவிட்டது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வேங்கடசுப்ரமணியன்தான் கையை வைத்து மறைக்கிறார் என்று நினைத்து, நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என எழுந்து திரும்பினேன். மனுஷர் வாசல் பக்கம் நின்று யாருக்கோ நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார். லென்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றவள் ஷ்யாமளா. வேண்டாம், வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவள் கண் போன பக்கம் பார்த்தேன். இருட்டில் எப்போது வந்தார்களோ, முன்வரிசையில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமி, அந்த மாமியை ஒட்டி மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை. முலுண்டுக்காரர்கள்.

அடிப்பாவி, என்னைச் சொல்லச் சொன்னவள் நீதானே! வயிறு எரிந்தது. ஆனால் அவள் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி, கையை எடுக்காமல் நின்றாள். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"மாமி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று குழந்தைகள் கத்தின.

மைக்கை வாயருகில் வைத்தேன். "அப்புறம் என்ன? நான் தப்பாச் சொல்லிட்டேன். அவா அக்கா தங்கைதான். அக்கா தன் தங்கையைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்துட்டா" என்றேன்.

ஷ்யாமளா கையை எடுத்தாள். திரையில் வெளிச்சம் வந்தது. நடுக்கடலில் ஒரு படகு. அந்த இரண்டு பெண்களும் அதில் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணம்னேளே, மாப்பிள்ளை எங்கே மாமி?" என்றது ஒரு வாண்டு.

"முன்வரிசையிலே உக்காந்திருக்கார் பாரு" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தப் பிள்ளையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெட்கமாகச் சிரித்தது. நல்ல பிள்ளைதான், பாவம். அதற்குப் பிறகு மைக்கை அணைத்துவிட்டேன். மீதிப் படத்தைக் குழந்தைகள் ஜப்பான் பாஷையிலேயே பார்த்தார்கள்.