ஆறு தடவை சிரித்தவர்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வேனில் ஏதோ ஒரு கார்ட்டூனின் கெட்ட வார்த்தைகளைப் பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று புகார் வந்தது. பெரியவர்களுக்கென்று எடுத்த படம். தமிழில் பேச்சுச் சேர்த்துப் பலர் போனிலும் ஓடியது. பிள்ளைகள் பார்க்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல, தலைமையாசிரியை ஞானம்மா இரண்டு பெற்றோரை அழைத்தார். ஒருவர் தசரதன், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர், பெற்றோர் சங்கத் தலைவர். இன்னொருத்தி சத்யப்பிரியா. ஒன்பதாம் வகுப்பு அறிவுமதியின் அம்மா. கார் உதிரிபாகக் கம்பெனியில் பழுதான சாமானைப் பார்த்துத் தள்ளுவதே பத்து வருஷமாக அவள் வேலை.

சனிக்கிழமை காலை, கம்ப்யூட்டர் அறையில் படம் ஓடியது. தொப்பைக்காரன் ஒருவன் குசு விட்டான். நாய் மயங்கி விழுந்தது. சத்யப்பிரியாவுக்குக் கொட்டாவிதான் வந்தது. இந்தக் குப்பைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அப்புறம் திக்குவாய் வேலைக்காரி ஒருத்தி வந்தாள். அடுப்படியில் தீப்பிடித்ததைச் சொல்ல வாயெடுத்து, "நெ... நெ..." என்று திணறினாள். வீட்டார் அவளைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்தார்கள். கூரை இடிந்து விழும்வரை சிரித்தார்கள்.

தசரதனும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

படம் முடிந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார். "த்தூ! இன்னா மேடம் இது, ஜட்டியோட நின்னுகினு கீறான். நம்ம கல்ச்சரே நாசமாப் பூடும்."

ஞானம்மா பயபக்தியோடு எழுதினார்: ஆபாச உடை, கெட்ட வார்த்தை, பண்பாட்டுச் சீர்கேடு.

"அந்தத் திக்குவாய்ப் பொண்ணு?" என்றாள் சத்யப்பிரியா.

"அது காமெடிம்மா. அதுல இன்னா தப்பு கீது?"

"ஆறு தடவ சிரிச்சீங்க சார். எண்ணிக்கினுதான் இருந்தேன். ஆறும் அவளப் பாத்துத்தான். ஜட்டியக்கூட ஒரு துணியப் போட்டு மறைச்சிடலாம். இத எத்தப் போட்டு மறைப்பீங்க? உங்க வயசுக்கே ஆவாத படம், பதினாலு வயசுப் பசங்களுக்கு எப்டி ஆவும்?"

"எழுதனது எழுதனதாவே இருக்கட்டும்" என்று ஞானம்மா கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். சத்யப்பிரியா அதைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

ஞானம்மா, தசரதன் இரண்டு பேர் கையெழுத்தோடு அன்றே வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் போனது; சத்யப்பிரியாவின் பெயருக்கு நேரே காலியாக இருந்தது. படத்தின் பெயரே தெரியாத பிள்ளைகளும் சாயங்காலத்துக்குள் தேடிப் பார்த்துவிட்டார்கள். அதுதான் அந்தத் தீர்ப்பின் லட்சணம்.

வீட்டில் அறிவுமதி தானாகவே சொன்னாள். "வேன்ல எழிலரசிய அந்த வேலைக்காரி பேரச் சொல்லித்தான்மா கூப்புடறாங்க. அவளுக்கும் திக்கும்ல. இப்பல்லாம் அட்டெண்டன்ஸுக்குக்கூட கையத்தான் தூக்கறா."

"நீ இன்னாடி பண்ண?"

"சிரிச்சேன்."

தசரதனைப் பார்த்த அதே பார்வையை மகள்மேலும் திருப்பினாள் சத்யப்பிரியா. "அறிவுமதின்னு பேரு வெச்சேன் பாரு, என்னத்தான் சொல்லணும்."

மகளுக்குக் கண் கலங்கியது. சத்யப்பிரியா சமாதானம் சொல்லவில்லை. "திங்கக்கெழமலேந்து அவ பக்கத்துல உக்காரு."

"அவ பேசமாட்டாம்மா."

"பேசலன்னா சும்மா உக்காரு."

நான்கு நாள் எழிலரசி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். பின்சீட்டிலிருந்து கிண்டல் வந்தது. அது அறிவுமதிக்கும் சேர்த்துத்தான். வெள்ளிக்கிழமை, சுங்குவார்சத்திரம் தாண்டும்போது எழிலரசி திரும்பினாள்.

"உ... உங்க அம்மாதான் கை... கையெ..."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அறிவுமதி சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. எழிலரசி சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...கையெழுத்துப் போடலியா?"

"ஆமா, போடல," என்றாள் அறிவுமதி.