முஸாபிர் அட்டையைப் புதுப்பிப்பதா, வேண்டாமா

1

இது கட்டுரையாகப் பிறந்து கெட்டுப்போன கதை. நான் ஒரு டீச்சர்; ஒரு வாரப் பத்திரிகையின் பாவனையாளர் பக்கத்துக்கு மாதம் ஒருமுறை எழுதுகிறேன். போன மாதம் சோற்றுக் குக்கர்களின் உத்தரவாதம். இந்த மாதம் ஆசிரியர் தந்த தலைப்பு: ‘சந்தா வாங்கிக்கொண்டு பயணக் கட்டணங்களைத் திருப்பித் தரும் அங்கத்துவ அட்டைகள்: பயன் உண்டா?’ உண்டு, இல்லை என்று ஏதாவது ஒன்றில் முடிக்கச் சொன்னார். வாசகர்களுக்கு இழுபறி பிடிக்காதாம். அவருக்குத்தான் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

வெளிநாடு செல்வோரின் தொகை நாளுக்கு நாள் பெருகிவரும் இக்காலத்தில் — (எனக்கே கொட்டாவி வந்தது.)

அங்கத்துவ அட்டை என்றால் என்ன என்று முதலில் —

மர்ளியாவின் புருஷன் நாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். (இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் சந்தோஷப்பட்டுவிடுவீர்கள்.)

2

சரி, கட்டுரைக்குரியதை முதலில் சொல்லித் தொலைக்கிறேன்.

முஸாபிர் அட்டை* இப்படி வேலை செய்கிறது. வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். டிக்கெட்டுக்கு மேல் அறவிடும் சேவைக் கட்டணம், பெட்டி பாரம் கூடினால் வாங்கும் கட்டணம், இருக்கைக் கட்டணம் எல்லாவற்றையும் பிறகு திருப்பித் தருவார்கள். ஒரு நிபந்தனை உண்டு. போனவர் திரும்பி வந்து இந்த மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். விமானக் கம்பனியிலிருந்து அந்தத் தகவல் தானாகவே அவர்களுக்குப் போகும். பிறகு, அட்டை எடுத்தபோது கொடுத்த வங்கிக் கணக்கில் காசு விழும்.

அடிக்கடி பறக்கும் வியாபாரிக்கு இதில் இலாபம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும் சாரதிக்கு நட்டம். கட்டுரை இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மர்ளியா இல்லாவிட்டால் முடிந்தும் இருக்கும்.

* பெயர் நான் வைத்தது; முஸாபிர் என்றால் பயணி. அசல் பெயரைப் போட்டால் ஆசிரியருக்கு விளம்பரப் பகுதியிலிருந்து பேச்சு விழும்.

3

மர்ளியா புத்தளம் தில்லையடியில் என் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவள். தையல் தைக்கிறாள். என்னைக் கூடப்பிறந்த அக்காபோல ராத்தா என்பாள். மகள் அப்ரா இரண்டாம் வகுப்பு. புருஷன் அஸ்ஜத் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அவர் புறப்பட்டபோது தன் வங்கிக் கணக்கைக் கொடுத்து அட்டை எடுக்கவைத்தது மர்ளியாதான். டவுனில் டிக்கெட் போடும் முபாரிஸே வேண்டாம் என்றாராம்.

“என்னத்துக்கு அப்ப எடுத்தாய்?” என்று கேட்டேன். கட்டுரைக்காகத்தான் கேட்டேன்.

“திரும்பி வந்தாத்தான் சல்லி தருவாங்க எண்டு போட்டிருந்திச்சு ராத்தா. மனிசன் ஒரு சல்லியயும் விடமாட்டார். அதுக்காகவாவது வருவாரெண்டு நினைச்சேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கட்டுரையில் இதைப் போடலாம், ‘அங்கத்துவத்தின் வேறு பயன்கள்’ என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

இந்த வருடம் அவர் லீவில் வருவதாக இருந்தது. பிறகு கம்பனி லீவு தரவில்லை என்று போனில் சொன்னார். மர்ளியா அழவில்லை. அப்ராதான் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள்.

4

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து தெரு நிறைய ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம், மர்ளியா முந்தானை தலையில் நில்லாமல் ஓடிவந்தாள்.

“ராத்தா, அட்டைச் சல்லி வந்திரிக்கி! பேங்கில இருந்து மெசேஜ் வந்திரிக்கி!”

எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியிருந்தது.

“அவர் வந்திட்டார் ராத்தா. சொல்லாம வந்து பயங்காட்டப் பாக்கிறார். இன்னிக்கி வருவார், பாருங்க!”

இந்த இடத்தில் அவள் முகத்தை எழுத வேண்டும். மூன்று வாக்கியம் எழுதினேன், மூன்றையும் வெட்டினேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் யாருடைய முகத்திலும் கண்டதில்லை என்பதை மட்டும் விட்டுவைக்கிறேன்.

நண்டு வாங்கிக் கறி வைத்தாள். அப்ராவுக்குப் பெருநாள் சட்டை போட்டாள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து புத்தளம் பஸ்ஸுக்குப் பெரிய தூரமில்லை. இருட்டும்வரை வாசல் படலை இரண்டு தடவை ஆடியது. இரண்டு தடவையும் அப்ரா ஓடினாள். கழுதைகள். எங்கள் ஊரில் அவை படலையில் முதுகு உரசிக்கொண்டு நிற்கும். யாரும் விரட்டுவதில்லை.

5

முபாரிஸ் பற்றி ஒரு சந்தேகம். இப்படிப்பட்ட கதையில் ஏஜென்சிக்காரர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும். நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனிதர் நேர்மையானவர், அதுதான் இங்கே பிரச்சினை.

அடுத்த நாள் மர்ளியாவும் நானும் அவருடைய கடைக்குப் போனோம். பிழையாக வந்த காசாக இருக்கட்டும் என்று நான் மனதுக்குள் துஆக் கேட்டேன். பிழைவிடாத ஒரு சேவையை அன்றைக்குத்தான் முதன்முதலாக வெறுத்தேன்.

முபாரிஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு மர்ளியாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“பிழை இல்ல டீச்சர். ஆள் இறங்கினாத்தான் இது வரும்.”

“எப்ப இறங்கினார்?” என்றாள் மர்ளியா.

“சல்லி விழ ஒரு கிழமை எடுக்கும் தங்கச்சி.”

அவ்வளவுதான் சொன்னார். அப்படியென்றால் ஆள் வந்து ஒரு கிழமை. அந்தக் கிழமைக்குள் அஸ்ஜத் அவளோடு இரண்டு தடவை போனில் பேசியிருந்தார். அங்கே சரியான சூடு என்று சொல்லியிருந்தார்.

(முதல் பிரதியில் ஒன்று சேர்த்திருந்தேன்: அவர் பேசும்போது பின்னால் நம் ஊர்த் தெருக்களில் பாண், ரொட்டி விற்கும் த்ரீவீல் ஆட்டோவின் பாட்டு கேட்கிறது, கட்டாரில் ஏது பாண் த்ரீவீல் என்று மர்ளியா திடுக்கிடுகிறாள். நல்ல இடம். ஆனால் பொய். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய குரல் மட்டும் கேட்டது, வழக்கம்போல அன்பாக. எடுத்துவிட்டேன்.)

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தேன்.

6

முடிவுகள்.

அ) அஸ்ஜத்துக்கு வேலை போய்விட்டது. வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு கொழும்பில் கூலிக்கு லொறி ஓட்டுகிறார். கொஞ்சம் காசு சேர்ந்ததும் வருவார். (எனக்குப் பிடித்த முடிவு இதுதான். பிடித்திருப்பதாலேயே நம்ப முடியவில்லை.)

ஆ) கொழும்பில் இன்னொரு வீடு இருக்கிறது. அந்த வீட்டிலும் ஒரு — இல்லை. இதை எழுதமாட்டேன். அப்ரா எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

இ) வருத்தமாக வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வீட்டுக்குச் சொல்லவில்லை. (புருஷனுக்கு நோய் வர வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவாளா? ஆசைப்படுவாள். மர்ளியா என்னிடம் சொன்னாள்.)

மூன்றையும் விட இலகுவானது ஒன்று இருக்கிறது: அவள் அவரிடமே கேட்கலாம். நான் கேட்கச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

“கேட்டா அவர் சொல்லிப்போடுவார் ராத்தா” என்றாள்.



7

இன்றைக்குப் பின்னேரம் இதை எழுதிக்கொண்டிருந்தபோது மர்ளியா வந்தாள். போனை என் மேசையில் வைத்தாள். முஸாபிர் அட்டையின் குறுஞ்செய்தி. அங்கத்துவம் இன்றோடு முடிகிறதாம். புதுப்பிக்க 1, வேண்டாமென்றால் 2.

“நீங்கதானே இதப்பத்தி எழுதுறீங்க. கட்டுறதா விடுறதா?”

“கட்டுரைப்படி என்றால் விடு. உனக்கு நட்டம்.”

கதிரையில் இருந்தாள். விரல்களில் தையல் நூல் ஒட்டியிருந்தது.

“விட்டா, அவர் போற வாற ஒண்டும் தெரியாமப் போயிரும். அவர் எங்க இரிக்கிற எண்டு எனக்கிட்ட உண்மையச் சொன்னது இந்த அட்டை மட்டும்தான்.”

“அப்ப கட்டு.”

“கட்டினா, இப்பிடியே இருந்திடுவேனோ எண்டு பயமா இரிக்கி.”

பிறகு எழுந்தாள். அப்ராவை குர்ஆன் ஓதல் பள்ளியில் இருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது. போனை எடுக்கவில்லை. “நான் வாறத்துக்குள்ள நீங்களே ஒண்ட அனுப்பிடுங்க. எதுண்டு எனக்கிட்ட சொல்லவேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, உண்டு அல்லது இல்லை. ஆசிரியர் கேட்டதையேதான் அவளும் கேட்கிறாள். ஆசிரியருக்கு நான் எதையாவது அனுப்பிவிடலாம், அடுத்த கிழமை அந்தத் தாளில் இறைச்சி சுற்றுவார்கள். இது அப்படியில்லை. போனை என் பக்கம் இழுத்து வைக்கிறேன்.

8

1 ஐ —

2 ஐ —

9

வேலிக்கு அந்தப் பக்கம் மர்ளியாவின் படலை ஆடும் சத்தம் கேட்கிறது.

வீட்டில் யாரும் இல்லை. அவளும் மகளும் வர இன்னும் நேரம் இருக்கிறது. கழுதையாக இருக்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பதாகவும் இருக்கலாம். எழுந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தால் போதும், எதை அனுப்புவது என்று தெரிந்துவிடும், இந்தக் கதைக்கும் ஒரு முடிவு கிடைத்துவிடும்.

நான் எழவில்லை. மர்ளியா ஏன் கேட்கவில்லை என்பது இப்போதுதான் எனக்குச் சரியாக விளங்குகிறது.

ஜன்னல் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நீங்கள் பாருங்கள். பார்த்துவிட்டு ஒன்றோ இரண்டோ, போனில் நீங்களே அழுத்திவிடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.