போலாம்

என் வீட்டுக்காரருக்குக் கடைசியா மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதையும் சர்ச்சுக்குள்ள சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சொன்னது வேற யாரும் இல்ல, அவரோட கூடப்பிறந்த தம்பி, எங்க சபையோட மூப்பர்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆக இன்னும் காலம் இருந்துச்சு. ஒரு நாள் காலையில ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தவர் கண்ணாடி முன்னாடியே சரிஞ்சுட்டார். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போச்சு. நாம பேசுறது அவருக்கு நல்லாப் புரியும், பதிலுக்குத்தான் வார்த்தை வராது, வாழ்நாள் பூரா வாயில புரண்ட வார்த்தை ஏதாவது ஒண்ணு மட்டும் சில பேருக்குத் தங்கும்னு டாக்டர் சொன்னார். இவருக்குத் தங்கினது "போலாம்". ஆள் ஏறினதும் டிரைவருக்குக் குரல் கொடுப்பாரே, அந்தப் போலாம்.

பசிச்சா போலாம். ஃபேனை நிறுத்தணும்னா போலாம். குரல் ஏறுறதையும் இறங்குறதையும் வச்சு நான் புரிஞ்சுக்குவேன். பாக்க வந்தவங்க பாடுதான் திண்டாட்டம். இப்ப எப்படி இருக்குன்னு கேப்பாங்க, இவர் பாசமா "போலாம்"பார், அவங்க மூஞ்சி சுண்டிப்போய் எழுந்திருச்சிடுவாங்க. டீயைக் கையில வச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் ஓடி நான் விளக்கம் சொல்லணும். சிரிச்சுக்கிட்டேதான் சொல்வேன். அழுதா யாரு வந்து கண்ணைத் துடைக்கப் போறாங்க.

நல்லா இருந்த காலத்துல இவர் பண்ற ஜெபம் எனக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிடுறேன். குடும்ப ஜெபத்தை ஸ்டாப்பிங் பேர் சொல்ற மாதிரி கடகடன்னு ஒப்பிச்சுட்டு ஆமென்ல இறங்கிடுவார். ஆண்டவர் ஏறுறதுக்குள்ள வண்டியை எடுத்துட்டீங்களேன்னு கேலி பண்ணுவேன். கொழுந்தனார் ஜெபம் அப்படி இல்ல. அடுக்கடுக்கா வார்த்தை வந்து விழும், கேக்கிறவங்க உருகிடுவாங்க. ஒரு தரம் நான் நடுவுல கண்ணைத் திறந்து பாத்தேன். மனுஷன் வாட்ச்சைப் பாத்துக்கிட்டே உருகிக்கிட்டிருந்தார்.

உடம்பு கொஞ்சம் தேறினதும் இவரை சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனேன். பாவ அறிக்கை சொல்லி முடிச்சு, எல்லாரும் ஒரே குரலா ஆமென் சொன்னாங்க. அப்புறம் தலையைக் குனிஞ்சு அமைதியா இருந்தாங்க. அந்த அமைதியில, கடைசி ஸீட் வரைக்கும் கேக்கிற பழைய கண்டக்டர் குரல்ல, இவர் "போலாம்"னார். பாட்டுக் குழுப் பொண்ணுங்க தோள் குலுங்குச்சு. பெரியவங்களே பாட்டுப் புஸ்தகத்தால வாயை மறைச்சுக்கிட்டாங்க. அடுத்த வாரமும் அதே இடம், அதே போலாம், அதே சிரிப்பு. அதுதான் அவரோட ஆமென்னு ஒருத்தருக்கும் தோணல.

அன்னைக்குச் சாயங்காலம் கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழட்டின விதத்துலயே எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஆராதனைன்னா ஒரு ஒழுங்கு இருக்கு, பிள்ளைங்க சிரிக்குதுன்னு ஆரம்பிச்சார். அண்ணனைப் பாத்து நாலு பேர் சிரிக்கிறதைத் தன்னால தாங்க முடியல, வீட்லயே இருக்கட்டும்னு முடிச்சார். தாங்க முடியலன்னது நிஜம்தான், கண்ணுல தெரிஞ்சுது. அப்ப திருவிருந்துக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். மாசாமாசம் பலிபீடத்துக்கு முன்னாடி இருக்கிற தடுப்புக் கிராதிகிட்ட முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குறதை இந்த மனுஷன் ஒரு தடவைகூட விட்டது கிடையாது.

"ஆமென் சொல்லாம எப்படி அண்ணி குடுக்கிறது? அந்த ஒண்ணை மட்டும் சொல்ல வையுங்க. நானே வந்து கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறேன்."

உள் ரூம்லேர்ந்து "போலாம்"னு சத்தம் வந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்திருக்கார்.

மறுநாள்லேர்ந்து எங்க வீடு பள்ளிக்கூடம் ஆயிடுச்சு. நான் வாயை அகலத் திறந்து "ஆ"ம்பேன், அவரும் "ஆ"ம்பார். உதட்டை மூடி அடுத்த எழுத்தைக் காட்டுவேன். என் உதட்டையே பாத்து, நெத்தி நரம்பு புடைக்க, அவரும் உதட்டைச் சேர்ப்பார். வெளியில வர்றது போலாம். உடனே இடது கையால தொடையில ஓங்கி அடிச்சுக்குவார். விடுங்க, ஆண்டவருக்குத் தெரியாதான்னு சொன்னாலும் கேக்க மாட்டார். மறுபடி என் உதட்டைத் தொட்டுக் காட்டுவார்.

ஞாயித்துக்கிழமையானா ஒத்தைக் கையால வெள்ளைச் சட்டையை மாட்டி, பட்டனைத் தப்புத்தப்பாப் போட்டுக்கிட்டு, வாசல் நாற்காலியில வந்து உக்காருவார். என்னைப் பாத்து "போலாம்"பார். அந்த ஒரு நேரத்துலதான் அந்த வார்த்தைக்கு அதோட சொந்த அர்த்தம். அப்பத்தான் நான் முடியாதுன்னு தலையாட்டணும்.

ஒரு நாள் விடியும்போது முழிப்பு வந்துச்சு. இவர் கட்டில் ஓரத்துல உக்காந்து, செத்துப்போன வலது கையை இடது கையால தூக்கி மடியில வச்சு, ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருந்தார். கண்ணு மூடியிருந்துச்சு. போலாம், போலாம்னு மெதுவா, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கிட்டிருந்தார். ஏத்த இறக்கத்தை வச்சு எனக்குப் புரிஞ்சுது, அதே குடும்ப ஜெபம். தூரத்துல கட்டிக்குடுத்த பொண்ணுக்காக வேண்டுற இடம் வந்ததும் குரல் உடைஞ்சுது. அடுத்தது எனக்காக வேண்டுற இடம். அதுல ரொம்ப நேரம் நின்னார். இத்தனை வருஷமா அவர் ஜெபம் சொல்லிக் கேட்டிருக்கேன், ஜெபம் பண்ணி அன்னைக்குத்தான் கேட்டேன். போர்வையை வாயில வச்சு அழுத்திக்கிட்டு அழுதேன்.

இதுக்கு மேல என்ன ஆமென் வேணும் இவங்களுக்குன்னு எனக்கு ஆத்திரம் பொங்குச்சு. அந்த ஞாயிறு திருவிருந்து. யாரையும் கேக்கல. வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போய், கிராதி வரைக்கும் தாங்கிப் பிடிச்சு, மடங்காத காலை ஒரு பக்கமா நீட்டி உக்கார வச்சேன். போதகர் சின்ன வயசு, நல்ல மனுஷன்தான், புதுசா வந்தவர். அப்பத்தை எடுத்துக்கிட்டு இவர் முன்னாடி வந்து நின்னவர், ரசப் பாத்திரத்தோட பின்னால நின்ன மூப்பரைத் திரும்பிப் பாத்தார்.

கொழுந்தனார் குனிஞ்சார். "ஆமென் சொல்லுங்கண்ணே"ன்னார். அது அதட்டல் இல்ல, கெஞ்சல்.

இவர் "ஆ"ன்னு ஆரம்பிச்சார். உதடு சேர்ந்துச்சு. அடுத்து வரப்போறது எதுன்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு. அப்பம் வாங்க நீட்டியிருந்த இடது கையை எடுத்து, தன் வாயைத் தானே இறுகப் பொத்திக்கிட்டார். வேற கை இல்லையே அவருக்கு. போதகர் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, அடுத்த ஆள்கிட்ட நகர்ந்துட்டார்.

அன்னையிலேர்ந்து அந்த வார்த்தையும் நின்னுபோச்சு. பசிக்கும் இல்ல, ஃபேனுக்கும் இல்ல. போதகருக்கு மனசு உறுத்தியிருக்கு, மறுநாளே சின்ன டப்பாவுல அப்பம் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தார். ஆமென்லாம் வேண்டாம், வாயைத் திறந்தா போதும் ஐயான்னு கட்டில் பக்கத்துல முழங்கால் போட்டுக் கேட்டார். இவர் உதட்டை இறுக்கிக்கிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிட்டார். கோபம்னா நான் சந்தோஷப்பட்டிருப்பேன். கோபம் இல்ல, தப்பா ஏதும் வந்துடுமோங்கிற பயம்.

மழைக்காலம் வர்றதுக்குள்ள, தூக்கத்துலயே போயிட்டார்.

வீடு நிறைய ஜனம். எடுக்கறதுக்கு முன்னாடி கொழுந்தனாரை ஜெபம் பண்ணச் சொன்னாங்க. எப்பவும் போல பெரிய வார்த்தையா எடுத்தார், தடுமாறினார், ரெண்டு வரியில முடிச்சுட்டார். எல்லாரும் ஆமென் சொன்னாங்க. ஆளுங்க குனிஞ்சு பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு, கொழுந்தனார் ஒரு வார்த்தை சொன்னாத் தூக்கலாம்னு அவர் முகத்தையே பாத்தாங்க. கொழுந்தனார் வாயைத் திறந்தார். "போ"ன்னு வந்துச்சு. அதுக்கு மேல வரல. மறுபடி திறந்தார். நெத்தியில அதே நரம்பு புடைச்சுது, கூடப்பிறந்தவர் ஆச்சே. பெட்டி மேல கையை வச்சுக்கிட்டு, தேம்பிக்கிட்டே, மிச்ச வார்த்தையைத் தேடினார்.

ஆளுங்க குனிஞ்சது குனிஞ்சபடி நின்னாங்க. நான்தான் எழுந்து அவருக்கு நேரா வந்து, கடைசி ஸீட் வரைக்கும் கேக்கிற குரல்ல சொன்னேன்.

"போலாம்."

யாரும் சிரிக்கல. கொழுந்தனார் தலையைக் குனிஞ்சுக்கிட்டு "ஆமென்"னார். அன்னைக்குக் கிராதிகிட்ட, அண்ணனுக்குப் பதிலா அதை அவரே சொல்லியிருக்கலாம்.